சமணர்களின் தீபாவளி



தீபாவளி என்றதும் நமக்கு நரகாசுரன் கதைதான் நினைவுக்கு வரும். பக்கத்தில் சிவகாசி இருப்பதால் ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் வெடிச் சத்தத்துக்கும் குறைவில்லை. ஆனால் சமணர்களுக்கு அது மகாவீரர் வீடுபேறு அடைந்த நாள்.

பீகாரில் உள்ள பாவாபுரியில், ஐப்பசி அமாவாசை விடியலுக்கு முன் அவர் உடலை நீத்தார். அப்போது வயது 72. சமண மரபுப்படி அது கி.மு. 527. ஞான விளக்கு மறைந்துவிட்டது, இனி அகல் விளக்காவது ஏற்றுவோம் என்று காசி, கோசல நாட்டு அரசர்கள் 18 பேர் விளக்கேற்றியதாகக் கல்பசூத்திரம் சொல்கிறது. ஆக, அவர்கள் ஏற்றியது வெற்றி விளக்கு அல்ல, நினைவு விளக்கு.

அதே நாளில்தான் தலைமைச் சீடர் கௌதமர் முழு ஞானம் பெற்றார். சுவேதாம்பர மரபில் இதற்கொரு கதை உண்டு. குருவின் மேல் அவர் வைத்திருந்த பாசமே அவருக்குத் தடையாக இருந்ததாம். குரு மறைந்த செய்தி கேட்டுக் கதறியவர், அந்தப் பற்றும் ஒரு கட்டுதான் என்று உணர்ந்தார். உணர்ந்த கணமே ஞானம் கிட்டியது.

இதெல்லாம் எங்கோ வடக்கே நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். ராஜபாளையத்திலிருந்து சங்கரன்கோவில் வழியாகப் போனால் கழுகுமலை. அங்கே பாறையில் 8, 9-ஆம் நூற்றாண்டுகளில் செதுக்கிய தீர்த்தங்கரர் உருவங்கள் வரிசை வரிசையாக இருக்கின்றன. கீழே வட்டெழுத்தில், செய்வித்தவர் பெயர்கள். இன்னாருடைய மாணாக்கர் என்று குருவின் பெயரையும் சேர்த்தே பொறித்திருக்கிறார்கள். குரத்தியார் எனப்படும் பெண் ஆசிரியர்களும் அதில் உண்டு. சமணத் துறவியர் தங்கிய இடத்துக்குப் பள்ளி என்று பெயர். பிள்ளைகள் படிக்கும் இடத்துக்கு நாம் சொல்வதும் அதே சொல்தான்.

இன்றும் வட மாவட்டங்களில் வாழும் தமிழ்ச் சமணர்கள் அந்த நாளில் மகாவீரரை வழிபடுகிறார்கள். சிற்றுயிருக்கும் தீங்கு கூடாது என்பதால் பட்டாசைத் தவிர்ப்பது சமண நெறி.

"சார், நீங்க இல்லாம நாங்க இல்ல" என்று உங்களில் பலர் எழுதுகிறீர்கள். படிக்க மனம் குளிர்கிறது. ஆனால் கௌதமர் கதை சொல்வது வேறு. ஆசிரியரைப் பிடித்துக்கொண்டே இருப்பது நன்றியல்ல. அவர் இல்லாத நாளிலும் தானே எரிவதுதான் நன்றி. இந்தத் தீபாவளிக்கு வாசலில் ஓர் அகல் ஏற்றும்போது, பிள்ளைகளுக்கு இந்தக் கதையையும் சொல்லுங்கள். விடுமுறையில் ஒருநாள் கழுகுமலைக்கும் கூட்டிப் போங்கள்.

எல்லோருக்கும் தீபாவளி நல்வாழ்த்துகள்.