மலையின் கரியும் லயத்து அடுப்பும்

நோட்டன் பிரிட்ஜ் நீர்த்தேக்கத்தை அடைமழை நாளில் பார்த்தவர்கள் அதன் செந்நிறத்தை மறந்திருக்க மாட்டார்கள். கெசல்கமு ஓயாவை மறித்துத் தேக்கிய இந்நீரைக் கொண்டே பழைய லக்ஷபான மின் நிலையம் 1950 இல் இயங்கத் தொடங்கியது. நீரைச் சிவக்க வைப்பது சுற்றியுள்ள தேயிலை மலைகளின் மேல்மண். அந்த மண்ணோடு, அதற்கு உயிரூட்டும் காபனும் கரைந்து போகிறது.

இந்த இழப்புக்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டு வரலாறு உண்டு. 1820களில் கம்பளைப் பக்கம் தொடங்கிய கோப்பிப் பயிர்ச்செய்கை மலையகமெங்கும் பரவியபோது, காட்டை வெட்டிக் காயவிட்டுத் தீ மூட்டுவதே முதல் வேலையாக இருந்தது. சாம்பல் சில ஆண்டுகளுக்கு உரமாயிற்று. ஆனால் காடு பல நூற்றாண்டுகளாகச் சேர்த்து வைத்த காபன் புகையாயிற்று. பின்னர், களையொன்றும் இல்லாமல் நிலத்தை வழித்து வைப்பதே நல்ல தோட்டத்தின் அடையாளம் எனத் துரைமார் கருதினர். வெறுமையான சரிவில் விழுந்த மழை மிச்சத்தையும் அள்ளிச் சென்றது.

அபாயம் அன்றே உணரப்படாமலில்லை. தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் ஆலோசனையையடுத்து, 1873 இல் 5000 அடிக்கு மேற்பட்ட முடிக்குரிய காடுகளை விற்பது நிறுத்தப்பட்டது. நோட்டன் பிரிட்ஜ் அந்த எல்லைக்கு மிகக் கீழே இருந்தது. 1869 இல் தோன்றிய இலைத்துரு நோயால் கோப்பி அழிந்து தேயிலை வந்தது. வெறும் நிலம் தொடர்ந்தது. மண்ணரிப்பு பற்றிய குழுவின் அறிக்கை 1931 இலும், மண் பாதுகாப்புச் சட்டம் 1951 இலும் வந்தன. கான் வெட்டியதும், கல் அடுக்கியதும், கூடையில் மாட்டெரு சுமந்ததும் நம் மக்களே.

இன்று ‘உயிர்க்கரி’ பற்றிப் பேசுகிறார்கள். மரக்கழிவைக் குறைந்த காற்றில் சுட்டெடுக்கும் கரி இது. சாதாரண மக்கு சில ஆண்டுகளில் கரைந்துவிட, இக்கரியின் பெரும்பகுதி நூற்றாண்டுகள் மண்ணில் நிலைக்கக் கூடியது. அமேசன் ஆதிக்குடிகளின் கறுப்பு மண் இதற்குச் சான்று. தனிக்கரியில் சத்துக் குறைவு; ஆகவே எருவோடு கலந்திட வேண்டும். தேயிலை புளிப்பு மண்ணை விரும்பும் செடி, கரியோ பெரும்பாலும் காரத்தன்மை உடையது என்பதால் அளவும் முக்கியம்.

மூலப்பொருள் எங்கே என்பதில்தான் சிக்கல். கவ்வாத்து வெட்டிய மிலாறு மலையில் கிடந்தால் மண்ணுக்கு உணவு. கரியாக்கினால் நெடுநாள் சேமிப்பு. ஆனால் மாலையில் அதைத் தலைச்சுமையாக லயத்துக்குக் கொண்டு போகும் தாய்க்கு அதுவே அடுப்பு. மிலாறு எடுக்கக் கூடாதென்று சட்டம் போட்டு மண்ணைக் காக்க முடியாது. மாற்று எரிபொருளைக் கொடுத்துவிட்டே அதைக் கேட்க வேண்டும்.

2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் தடை நீக்கப்பட்டது. மண்ணில் சேமிப்பில்லாத மலைகள் உரப் பையை எவ்வளவு நம்பியிருக்கின்றன என்பதை அந்த மாதங்கள் காட்டின. கொழுந்து குறைந்தால் முதலில் குறைவது, கிலோக் கணக்கில் பெயர் பதியும் பெண்ணின் கூலியே. மண்ணைத் திருத்தும் திட்டம் எதுவானாலும், அது அவளுடைய அடுப்படியிலிருந்து தொடங்கட்டும்.