ஹோமோசிஸ்டீனும் இதயமும்

இதயநோய் என்றதும் கொழுப்பையே குற்றவாளியாகக் கருதிப் பழகிய மருத்துவ உலகிற்கு, 1969ஆம் ஆண்டில் இளம் ஆய்வாளர் ஒருவர் வேறொரு பொருளைச் சுட்டிக் காட்டினார். அவர் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பணியாற்றிய கில்மர் மக்கல்லி. அவர் சுட்டிய பொருள் ஹோமோசிஸ்டீன்.

உணவிலுள்ள மெதியோனைன் என்னும் அமினோ அமிலம் உடலில் மாற்றமடையும்போது இடையில் தோன்றுவது இது. 1932இல் வின்சென்ட் டு விக்னோ என்ற வேதியியலறிஞர் இதனைக் கண்டறிந்தார். இது குருதியில் தேங்காது காப்பவை ஃபோலிக் அமிலமும், பி6, பி12 ஆகிய வைட்டமின்களுமாம். கீரையிலும் பயற்றிலும் ஃபோலிக் அமிலச் சத்து உண்டு. பி12 கிடைப்பதோ புலால், மீன், முட்டை, பால் ஆகியவற்றிலேயே. சைவ உணவினர் பலர்க்கு ஹோமோசிஸ்டீன் மிகுவது இக்குறையினாலேயே.

ஃபோலிக் அமிலத்தின் வரலாறு இந்தியாவோடு பிணைந்தது. பம்பாயில் கருவுற்ற ஆலைத் தொழிலாளப் பெண்களின் இரத்தசோகையை ஆராய்ந்த லூசி வில்ஸ் அம்மையார், ஈஸ்ட் சாறு (நம் கடைகளில் இன்றும் விற்கும் மார்மைட்தான்) அந்நோயைத் தீர்ப்பதை 1931இல் வெளியிட்டார். அச்சாற்றின் ஆற்றலுக்குக் காரணமான ஃபோலிக் அமிலத்தை 1945இல் செயற்கையாக உருவாக்கியது லெடர்லே ஆய்வுக்கூடக் குழு. அதன் ஆராய்ச்சி இயக்குநர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ். அப்பெயரை நம் மாணவர் அறியாதிருப்பது வருந்தத்தக்கது.

மக்கல்லி கண்டதென்ன? 1933இல் பக்கவாதத்தால் மாண்ட எட்டு வயதுச் சிறுவனின் திசுக்களை அவர் மீண்டும் ஆராய்ந்தார். தமனிகள் முதியவருடையவை போல் தடித்திருந்தன. இரண்டே மாதத்தில் இறந்த குழந்தை ஒன்றிடமும் அதே சிதைவு காணப்பட்டது. இருவருக்கும் வாய்த்த பிறவிக் குறைகள் வெவ்வேறு; ஆயினும் இரண்டிலும் மிகுவது ஹோமோசிஸ்டீன். எனவே குழாய்களைச் சிதைப்பது அதுவே என்று துணிந்தார்.

கொழுப்புக் கொள்கை ஓங்கியிருந்த காலம் அது. ஆதரவு குன்றியது, 1970களின் இறுதியில் பதவியும் பறிபோயிற்று. 1992இல் அமெரிக்க மருத்துவர் பல்லாயிரவரிடையே நிகழ்ந்த ஆய்வு, ஹோமோசிஸ்டீன் மிக்கோர்க்கு மாரடைப்பு வாய்ப்பு ஏறத்தாழ மும்மடங்கு எனக் காட்டிற்று. உலகம் அவர் பக்கம் திரும்பியது. திரும்பிய வேகத்தில் மாத்திரைகளை அளவுக்கு மீறி நம்பவும் செய்தது.

2006இல் வெளியான ஹோப்-2 ஆய்வில் 5,522 பேர் ஐந்தாண்டுக் காலம் வைட்டமினோ வெற்று மாத்திரையோ உட்கொண்டனர். வைட்டமின் உண்டோர்க்கு ஹோமோசிஸ்டீன் குறைந்தது. இதயநோய் மரணம் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. பக்கவாதம் மட்டும் சற்றுத் தணிந்தது. 2015இல் சீனாவில், உயர் இரத்த அழுத்தம் உடைய இருபதாயிரம் பேரிடையே நடந்த ஆய்விலும் அழுத்த மருந்தோடு ஃபோலிக் அமிலம் உண்டோர்க்குப் பக்கவாதம் குறைந்தது, மாரடைப்பு குறையவில்லை. இதயத்தைப் பொறுத்தமட்டில் ஹோமோசிஸ்டீன் நோயின் காரணமா, நோயோடு வரும் அடையாளமா என்னும் வழக்கு இன்னும் தீரவில்லை.