சூலையும் திருப்பதிகமும்



நெய்வேலி நகரம் வயதால் இளையது. 1956-ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தோன்றி, 1957-இல் சுரங்கப் பணி தொடங்கிய பின்னர் எழுந்த ஊர் இது. ஆயினும் இதற்கு வடக்கே, பண்ணுருட்டியை அடுத்துக் கெடிலக் கரையில் விளங்கும் திருவதிகை வீரட்டானமோ மிகப் பழைய தலம். மனிதன் தன் உடல்வலியை இறைவனிடம் எவ்வாறு கொண்டு செல்வது என்பதற்குத் தமிழகம் கண்ட தலையாய வரலாறு அங்கேதான் நிகழ்ந்தது.

ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. திருவாமூரிலே தோன்றிய மருள்நீக்கியார் சமணம் சார்ந்து, பாடலிபுத்திரமாகிய திருப்பாதிரிப்புலியூரிலே தருமசேனர் என்னும் பெயரோடு தலைமை பெற்றிருந்தார். அப்போது கொடிய சூலை நோய் அவர் வயிற்றைப் பற்றியது. உடனிருந்தோர் தாம் அறிந்த மந்திரமெல்லாம் செய்தனர். பீலி கொண்டு தடவினர். நோய் மேலும் முறுகியது. தமக்கையார் திலகவதியாரை அழைத்துவரச் சமையற்காரனை விடுத்தார். அம்மையாரோ அவ்விடத்திற்கு வாரேன் என மறுத்தார். வேறு புகல் காணாத மருள்நீக்கியார், கைகொடுப்பார் மேல் ஊன்றி, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்தார். இவ்வளவும் பன்னிரண்டாம் நூற்றாண்டிலே சேக்கிழார் பெருமான் பெரியபுராணத்தில் விரித்துரைத்தவை.

அம்மையார் செய்தது யாது? தம் காலில் விழுந்த தம்பியைக் கடிந்தாரில்லை, எழுக என்றார், திருவைந்தெழுத்து ஓதித் திருநீறு அளித்தார், திருப்பள்ளியெழுச்சிப் பொழுதில் திருக்கோயிலுக்கு அழைத்துச் சென்றார். அங்கே பிறந்ததே நான்காம் திருமுறையின் முதல் திருப்பதிகம்.

அப்பதிகத்தின் பொருளைச் சற்றே ஊன்றி நோக்குவோம். நோயின் கொடுமையை நாவரசர் மறைத்தாரா? இல்லை. குடரைப் பிணித்து முடக்கும் வலியை உள்ளவாறே சொல்கிறார். ஆற்ற மாட்டேன் என்கிறார். தாம் செய்த கொடுமை யாதென அறியேன் என்கிறார். நின்னை மறந்ததில்லை என வழக்கும் உரைக்கிறார். ஆனால் பத்துப் பாடல்களிலும் அவர் முறையீடு வீரட்டானத்து அம்மானை விளித்தே முடிகிறது. மடத்திலே துடித்தபோது வலி வெறும் வலியாக இருந்தது. இங்கே அது கேட்பவன் ஒருவனை நோக்கிய சொல்லாயிற்று. தனித்துக் கிடந்த துன்பத்திற்குத் துணை கிடைத்தது. வழிபாடு வலியின்மேல் செய்யும் முதல் வேலை இதுவே என்பது அடியேன் துணிபு.

இக்காலத்து அறிவியலும் இதற்கு அணித்தாக வந்துள்ளது. காயத்தின் அளவே வலியின் அளவு என்று முன்பு எண்ணினர். 1965-இல் மெல்சாக், வால் என்னும் அறிஞர் இருவர், தண்டுவடத்திலே வலிச் செய்தியைக் கூட்டவும் குறைக்கவும் வல்ல வாயில் போன்றதோர் அமைப்பு உண்டு என்றும், மூளையும் அதனை ஆள்கிறது என்றும் கொள்கை வகுத்தனர். 2008-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர் வெளியிட்ட சோதனை ஒன்றில், கத்தோலிக்கர் பன்னிருவரும் சமயப் பற்றில்லாதார் பன்னிருவரும் மின்னதிர்ச்சியின் வலியை ஏற்றனர். மரியன்னையின் படத்தை நோக்கியபோது கத்தோலிக்கர் உணர்ந்த வலி, வேறொரு பெண்ணின் ஓவியத்தை நோக்கியபோது உணர்ந்ததினும் குறைவாயிருந்தது. மற்றவரிடம் அவ்வேறுபாடு இல்லை. சிறிய சோதனைதான், ஆயினும் அதிர்ச்சி மாறாதிருக்க, அதனை நுகரும் நிலை மாறியது என்பது கருதத் தக்கது. பிராரத்த வினை உடலளவில் நுகர்ந்து கழியும். அருளைச் சார்ந்த உயிரை அது மூடிக்கொள்ளாது என்று நம் சித்தாந்தம் கூறுவதும் இங்கே நினைக்கத் தகும்.

இனி, எச்சரிக்கையாக மூன்று சொல்ல வேண்டும். முதலாவது, வலி தணிவது வேறு. நோய் நீங்குவது வேறு. நாவரசருக்கு இரண்டும் ஒருங்கே வாய்த்தன. அது திருவருட் செயல். வயிறு முறுக்கித் துடிப்பவர் திருநீறு அணிந்து, ஐந்தெழுத்தை நினைந்து, காலந்தாழ்த்தாது மருத்துவரிடம் செல்லுக. மருந்தை விலக்கச் சொல்லும் பக்தியைத் திருமுறை கற்பிக்கவில்லை.

இரண்டாவது, வேண்டியும் வலி தீராதவரைப் பார்த்து, உமக்கு அன்பு போதவில்லை என்று ஒருவரும் உரையாதிருப்பாராக. அதே நாவரசர் முதுமையிலே கயிலை நோக்கிச் சென்றபோது பாதம் தேய்ந்தது, கையால் தவழ்ந்தார், மார்பால் நகர்ந்தார், பின்னர் உருண்டார். அவர் அன்பு குறைந்தா உடல் நொந்தது?

மூன்றாவது, நோய் நீங்கியபின், இவ்வாழ்வைத் தந்த சூலைக்குக் கைம்மாறு யாது செய்வேன் என்று அவர் தொழுததாகச் சேக்கிழார் கூறுகிறார். அச்சொல் பட்டவர் வாயில் பிறக்க வேண்டிய சொல்; பார்ப்பவர் எடுத்துரைக்கும் உபதேசம் அன்று. துன்புறுவார் அருகில் நிற்கும் நமக்குரிய பாடம் திலகவதியாருடையது: கடியாது எழுப்புதல், நீறளித்தல், உடன் நடத்தல்.

சுரங்கத்திலும் மின்நிலையத்திலும் இரவு பகலாக முறைப்பணி ஆற்றி, முதுகு நோவும் முழங்கால் நோவும் அறிந்த அன்பர்கள் நீங்கள். ஒருநாள் திருவதிகை சென்று அச்சந்நிதியில் நில்லுங்கள். வலியை மறைக்காமல் சொல்லுங்கள். உங்கள் இல்லத்திலே வலியால் விழித்திருக்கும் முதியவர் ஒருவர் இருப்பின், இன்றிரவு அவர் பக்கத்தில் அமர்ந்து அப்பதிகத்தை ஓதுங்கள். கேட்பவன் ஒருவன் உளன் என்பதை அவருக்கு உங்கள் குரலே உணர்த்தும்.

திருச்சிற்றம்பலம்.