தாத்தாவின் மண்குழாயும் ஏரிப்பட்டியும்

புதுக்கோட்டை குளத்தூர் பக்கத்துக் குமிழித் தூம்புகளைப் பற்றி எழுதுவதாகப் போன பதிவில் சொல்லியிருந்தேன். அந்தப் பதிவு இப்போதைக்கு வராது. பயணத்துக்கு வைத்திருந்த பணம் மேற்கு மாம்பலத்தில், எங்கள் வீட்டுக் கொல்லையில், மண்ணுக்குள் போய்விட்டது.

வரலாறு என் தொழில் இல்லை. புரோகிராம் எழுதிச் சம்பாதிக்கிறவன். மாதம் 4,000 ரூபாயைத் தனிக் கணக்கில் போட்டுவிடுவேன். பழைய புத்தகம், ஜெராக்ஸ், பஸ், லாட்ஜ் எல்லாம் அதிலிருந்துதான். வீட்டில் அதற்குக் 'கல்வெட்டுக் காசு' என்று பெயர். ஜனவரியில் அதில் 52,000 ரூபாய் இருந்தது.

பொங்கல் முடிந்த வாரம் பாத்ரூமில் தண்ணீர் வடியவில்லை. மறுநாள் கொல்லையில் நாற்றம். வீடு 1962-இல் தாத்தா கட்டியது. முதலில் செப்டிக் டேங்க்தான். பிறகு தெருவில் பாதாளச் சாக்கடை வந்தபோது, டேங்கை மூடாமல் அதன் வழியாகவே இணைப்புக் கொடுத்துவிட்டார்கள். இது எங்கள் யாருக்கும் தெரியாது. வரைபடம், குறிப்பு எதுவும் கிடையாது.

முதலில் வந்தவர், "ஒரு ஆள இறக்கி வாரிட்டா ரெண்டாயிரத்துல முடிஞ்சிடும் சார்" என்றார். வேண்டாம் என்றேன். மனிதர்களை இப்படி இறக்குவதை 2013-ஆம் வருடச் சட்டம் தடை செய்கிறது. முதல் முறை மீறினாலே 2 ஆண்டு வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இல்லாவிட்டாலும், டேங்க் மூடியைத் திறந்தபோது வந்த காற்றை முகர்ந்த எவனும் இன்னொருவனை அதற்குள் இறங்கச் சொல்ல மாட்டான். கழிவுநீர் லாரியைக் கூப்பிட்டேன். இரண்டு நடை, 7,000 ரூபாய்.

அடைப்பு அப்போதும் போகவில்லை. அடுத்து வந்த பிளம்பர் தரையைத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது மண் பைப்பு சார். ஜாயிண்ட்ல வேப்பமர வேர் பூந்திருக்கு. தட்டினா தூளாயிடும்." லைன் முழுக்க பிவிசிக்கு மாற்ற 32,000. தோண்டும்போது பக்கத்தில் போன ஜிஐ தண்ணீர்க் குழாயும் பொத்துக்கொண்டது. உள்ளே துரு அடைத்து, விரல் நுழையும் துளைதான் மிச்சம். அதை மாற்ற 41,000. டைல்ஸ், சிமென்ட் 9,500. மொத்தம் 89,500 ரூபாய். கல்வெட்டுக் காசு துடைத்தாற்போல் போனது. மீதி சம்பளத்திலிருந்து.

"கல்வெட்டு ஆயிரம் வருஷமா அங்கயேதானே இருக்கு, ஓடியா போயிடும்?" என்றாள் மனைவி. பதில் சொல்ல முடியவில்லை.

எங்கும் போக முடியாததால், காலடியில் இருப்பதையே படிக்க ஆரம்பித்தேன். சென்னையின் தண்ணீர் வரலாறு என்றால் வழக்கமாக ஒரு பட்டியல் கிடைக்கும். 1772-இல் கோட்டைக்குத் தண்ணீர் கொடுக்க வெட்டிய ஏழு கிணறு. 1872-இல் செங்குன்றம் ஏரியிலிருந்து கால்வாய் வழியாகக் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த தண்ணீர். 1914-இல் அங்கே அமைந்த மணல் வடிகட்டிகள். 1944-இல் பூண்டி. எல்லாம் புதிதாகக் கட்டியவை. திறப்பு விழா நடந்தவை. எது எப்போது பழுதானது, யார் காசில் சரி செய்தார்கள் என்பது அந்தப் பட்டியலில் இருக்காது.

அதில் என்னை நிறுத்தியது ஒரு கணக்கு. சென்னையின் கழிவுநீர்த் திட்டம் 1910-இல் வடிவமைக்கப்பட்டது. 1961-இல் நகரத்தில் 6.6 லட்சம் பேர் இருப்பார்கள் என்று கணித்து, அதற்கேற்ப வடிவமைத்தார்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வந்தது சுமார் 17.3 லட்சம். தாத்தா வீடு கட்டியது அதற்கு அடுத்த வருடம்! பிறகு பெரிய குழாய்கள் வந்தன, நிலையங்கள் வந்தன, 1978-இல் தனி வாரியமே வந்தது. ஆனால் மதிலுக்கு உள்ளே இருக்கும் குழாய் எந்தத் திட்டத்திலும் வராது. அது வீட்டுக்காரன் பாடு.

வாரியம் என்ற சொல்லைப் பார்த்ததும் உத்திரமேரூர் ஞாபகம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை செங்கல்பட்டு வரை மின்சார ரயில், அங்கிருந்து பஸ். நூறு ரூபாய்க்குள் ஆராய்ச்சி.

முதலாம் பராந்தகன் காலத்து 919, 921 கல்வெட்டுகளைக் குடவோலைத் தேர்தலுக்காகத்தான் எல்லோரும் படிக்கிறோம். நானும் அப்படித்தான் படித்திருந்தேன். இந்த முறை பிளம்பர் பில்லோடு போனதால் வேறு வரிகள் கண்ணில் பட்டன. தேர்ந்தெடுக்கப்படும் 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். முன்பு வாரியம் செய்து கணக்குக் காட்டாதவனும் அவன் உறவினரும் நிற்க முடியாது. ஏரி வெட்டி முடித்தாயிற்று என்று விட்டுவிடாமல், வருடா வருடம் அதைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டிருக்கிறார்கள்.

ஆள் போட்டால் போதுமா, காசு? அதற்குத்தான் ஏரிப்பட்டி. ஏரியின் பராமரிப்புக்கென்றே ஒதுக்கிய நிலம். அதன் வருமானம் கரை கட்டவும் வண்டல் எடுக்கவும். சில ஊர்களில் பொன்னைச் சபையிடம் கொடுத்து, முதலைத் தொடாமல் வட்டியில் மட்டும் ஏரியைத் தூர்வார ஏற்பாடு செய்திருக்கிறார்கள். கல்வெட்டில் இந்த மாதிரிக் கொடைகளைப் பார்க்கும்போதெல்லாம் 'தர்மம்' என்று தாண்டிப் போயிருக்கிறேன். இது தர்மம் மட்டுமில்லை, நல்ல பட்ஜெட்.

நான் பார்க்கப் போகவிருந்த குமிழித் தூம்பும் இதையேதான் சொல்கிறது. ஏரிக்குள் நிற்கும் அந்தக் கல் மதகில் தண்ணீர் போக நீரோடித் துளை, அடியில் சேறு வெளியேறச் சேறோடித் துளை என்று தனித்தனியாக உண்டு. சேறு சேரும் என்று தெரிந்தே கட்டியிருக்கிறார்கள். தாத்தா நல்ல வீடு கட்டினார். நாங்கள் மூன்று தலைமுறை அதில் குடியிருந்தோம். சேறு சேரும் என்று ஒருவரும் நினைக்கவில்லை. அறுபது வருடச் செலவு சேர்ந்து ஒரே மாதத்தில் வந்தது. அந்தக் கடனை என் புத்தகங்கள் அடைத்தன.

நான் வேலை செய்யும் துறையிலும் இதே கதைதான். புது மென்பொருளுக்குக் கேக் வெட்டுவார்கள். பத்து வருடமாக ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளும் ஆளின் பெயர் யாருக்கும் தெரியாது.

இப்போது இரண்டு காரியம் செய்திருக்கிறேன். மாதம் 1,500 ரூபாய் போகிற மாதிரி வங்கியில் இன்னொரு கணக்கு ஆரம்பித்து, அதற்கு 'ஏரிப்பட்டி' என்று பெயர் வைத்திருக்கிறேன். கல்வெட்டுக் காசு 2,500 ஆகக் குறைந்தது. வருத்தம்தான். ஆனால் அடுத்த அடைப்பு அதைத் தொடாது. இரண்டாவதாக, எந்தக் குழாய் எங்கே, எவ்வளவு ஆழத்தில் போகிறது, எந்த வருடம் போட்டது என்று படம் வரைந்து, தேதி போட்டு, வீட்டுப் பத்திரத்தோடு வைத்துவிட்டேன். தாத்தா இதை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தால் பாதித் தோண்டல் மிச்சமாகியிருக்கும்.

புதுக்கோட்டைக்குப் பணம் சேர இரண்டு வருடம் ஆகும். அதுவரை பஸ் போகிற தூரத்து ஏரிகளைப் பற்றி எழுதுகிறேன்.