அலாய் வீல் விரிஞ்சு போச்சா? புதுசு வாங்கும் முன் அதோட பின்பக்கத்தை திருப்பிப் பாருங்க!

தேனி மாவட்டம் தேவதானப்பட்டி அருகே உள்ள காட்ரோடு பிரிவில் இருந்துதான் கொடைக்கானல் மலைச்சாலை பிரிகிறது. திண்டுக்கல்லில் இருந்து தேனி, கம்பம் வழியாக குமுளி போகும் தேசிய நெடுஞ்சாலை 183-ம் இந்த ஊர் வழியாகவே செல்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் கவனிக்காத பள்ளத்தில் இறங்கினாலும் சரி, மலையில் எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட தார் விளிம்பில் இருந்து சக்கரத்தை இறக்கி ஏற்றினாலும் சரி, முதல் அடி ரிம்முக்குத்தான்.

இரும்பு ரிம் அடி வாங்கினால் பெரும்பாலும் நெளியும். அலுமினிய அலாய் ஓரளவுக்கு மேல் நெளியாது, விரிசல் விட்டுவிடும். அதனால் 'இந்த முறை ஸ்ட்ராங்கான அலாயா போட்டுடலாம்'னு கடைக்குப் போகிறோம். அங்கே காட்டுவது டிசைன் மட்டும்தான். ஸ்போக் தடிமனா இருக்கு, அதனால ஸ்ட்ராங் என்று சொல்வதை நம்பி வாங்கிவிடக் கூடாது.

அப்போ எதைப் பார்ப்பது?

வீலைத் திருப்பி பின்பக்கம் பாருங்க. 'மேக்ஸ் லோடு' என்று ஒரு எண் வார்ப்பிலேயே இருக்கும். அந்த ஒரு வீல் தாங்கக்கூடிய எடை அது. இதை வெறும் எடைக் கணக்காக நினைக்க வேண்டாம். அடி தாங்கும் சோதனையும் இந்த எண்ணை வைத்துத்தான் நடக்கிறது.

ஐ.எஸ்.ஓ. 7141 என்ற சர்வதேச முறையில், டயர் மாட்டிய வீலை 13 டிகிரி சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்தில் இருந்து ரிம் விளிம்பின் மேல் ஒரு பாரத்தைப் போடுவார்கள். பாரம் எவ்வளவு? மேக்ஸ் லோடில் 60 சதவீதம், அதோடு 180 கிலோ. 400 கிலோ வீல் என்றால் 420 கிலோ பாரம். 600 கிலோ வீல் என்றால் 540 கிலோ. அடி விழுந்த பிறகு நடுப்பகுதியில் ஊடுருவிய விரிசல் இருந்தாலோ, ஒரு நிமிடத்துக்குள் காற்று முழுவதும் இறங்கினாலோ ஃபெயில். ஆக, எண் கூடுதலாக உள்ள வீல் நிஜமாகவே பெரிய அடி வாங்கி பாஸான வீல்.

உங்க காருக்கு எவ்வளவு வேணும்? ஆட்களும் சுமையும் சேர்த்து மொத்த எடை 1,400 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இன்ஜின் முன்னால் இருப்பதால் 55 சதவீதம் முன்பக்கம் விழுந்தால் 770 கிலோ, ஒரு வீலுக்கு 385. இதற்கு 400 கிலோ வீல் கணக்குப்படி போதும். ஆனா குடும்பத்தோட மலை ஏறும் கார் என்றால் 500 கிலோவுக்கு மேல் பாருங்க. எண்ணே இல்லாத வீலா? எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வேண்டாம்.

அப்படியே முத்திரையையும் பார்த்துடுங்க. கார் வீல்களுக்கான இந்திய தரநிலை ஐ.எஸ். 16192. ஐ.எஸ்.ஐ. முத்திரையைக் கட்டாயமாக்கும் தரக் கட்டுப்பாட்டு உத்தரவை மத்திய அரசு 2020-ல் வெளியிட்டது. ஜப்பானிய முத்திரையான ஜே.டபிள்யூ.எல். தயாரிப்பாளரே சோதித்துப் போட்டுக்கொள்வது. கூடவே வி.ஐ.ஏ. இருந்தால் வெளி அமைப்பும் சரிபார்த்தது என்று அர்த்தம்.

பெரிய வீல் போட்டால்?

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். ஸ்விஃப்ட் காரின் கீழ்நிலை மாடல்களில் 165/80 ஆர்14 டயரும், மேல்நிலை மாடல்களில் 185/65 ஆர்15 டயரும் வந்தன. இரண்டின் மொத்த உயரமும் சுமார் 620 மில்லிமீட்டர்தான். ஆனால் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் உள்ள டயர் சுவர் முதலாவதில் 132 மில்லிமீட்டர், இரண்டாவதில் 120. ஆசைப்பட்டு 16 இன்ச், 195/55 போட்டால் 107. பள்ளத்தின் அடியை முதலில் வாங்கும் ரப்பர் மெத்தையே 25 மில்லிமீட்டர் குறைந்துவிடுகிறது! அதே 15 அல்லது 14 இன்ச்சில் நல்ல லோடு எண் உள்ள வீல், பளபளக்கும் 16 இன்ச்சை விட மலைக்கு நல்லது. 15-ல் இருந்து 14-க்கு இறங்குவதாக இருந்தால் பிரேக் கேலிப்பர் இடிக்கிறதா என்று மாட்டிப் பார்த்துவிட வேண்டும்.

தயாரிப்பு முறையில், சாதாரண வார்ப்பை விட 'ஃப்ளோ ஃபார்மிங்' வீல் ஒரு படி மேல். ரிம் பகுதியை சூட்டில் உருட்டி அழுத்துவதால் எடை குறையும், உறுதி கூடும். ஃபோர்ஜ்டு வீல்தான் எல்லாவற்றையும் விட உறுதி, ஆனா விலையைக் கேட்டால் சின்ன காருக்கு நியாயமே இல்லை.

பொருத்தம் முக்கியம்

ஸ்விஃப்ட், ஐ20, டியாகோ எல்லாவற்றிலும் 4 போல்ட், 100 மில்லிமீட்டர் வட்டம்தான். அதனால் ஒன்றின் வீல் மற்றொன்றில் ஏறிவிடலாம், ஆனா ஏறினதெல்லாம் பொருத்தம் ஆகாது. நடு ஓட்டை ஹப்பை விட பெரிதாக இருந்தால் ஹப் ரிங் போடணும், இல்லாவிட்டால் ஸ்டியரிங் உதறும். ஆஃப்செட் குறைந்தால் வீல் வெளியே தள்ளி நின்று பேரிங்கில் பாரம் கூடும். நட்டும் அந்த வீலுக்கு உரியதாக இருக்கணும். மாட்டிய பிறகு 50 முதல் 100 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்க. ஸ்டெப்னிக்கு அதே நட் சேருமா என்று கடையிலேயே கேட்டுவிடுங்க. டம்டம் பாறை பக்கத்தில் பங்க்சர் ஆன பிறகு கேட்டு பயனில்லை.

விரிசல் விட்ட பழைய வீலை வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள். சூடு பட்ட இடத்தில் அலுமினியத்தின் உறுதி குறைந்துவிடும், அதை முன்சக்கரத்தில் மாட்டி மலை இறங்குவது ஆபத்து. வீல் மாற்றியதை இன்ஷூரன்ஸ் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, ஜி.எஸ்.டி. பில்லை பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.