நடுக்குவாதத்தில் வயிற்றுவலியும் எதுக்களிப்பும்

நடுக்குவாதம் (பார்க்கின்சன் நோய்) என்பது நடுமூளையில் டோபமைன் சுரக்கும் நரம்புக் கலங்கள் படிப்படியாக அழிவதால் ஏற்படும் நோய் ஆகும். கைநடுக்கமும் தசை இறுக்கமுமே பரவலாக அறியப்பட்ட அறிகுறிகள். எனினும் வயிற்றுவலி, பொருமல், நெஞ்செரிச்சல், எதுக்களிப்பு, மலச்சிக்கல் ஆகியனவும் இந்நோயாளர்களிடம் மிகுதியாகக் காணப்படுகின்றன. 1817இல் இந்நோயை விவரித்து எழுதிய இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் மலச்சிக்கலை அப்போதே குறிப்பிட்டுள்ளார்.

காரணம்

இரைப்பையும் குடலும் தமக்கென ஒரு நரம்பு வலையைக் கொண்டவை. மூளையில் படியும் ஆல்பா-சினியூக்ளின் என்னும் புரதத் திரட்சிகள் இவ்வலையிலும் படிகின்றன. இரைப்பை காலியாவது தாமதமாவதால், தங்கிய உணவும் அமிலமும் உணவுக்குழாய்க்குள் மேலேறுகின்றன. நோய் குடலில் தொடங்கி மூளைக்கு ஏறக்கூடும் என்ற கருதுகோளை 2003இல் செருமானிய உடற்கூற்றியலாளர் ஐக்கோ பிராக்கும் அவர்தம் குழுவினரும் முன்வைத்தனர். அது இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை.

மருந்துகள்

நடுக்குவாதத்தின் முதன்மை மருந்தான லெவோடோபா சிறுகுடலிலேயே உறிஞ்சப்படுகிறது. இரைப்பை மந்தமானால் மாத்திரை உரிய நேரத்தில் அங்குச் சேராது. மாத்திரை வேலை செய்யவில்லை என்று நோயாளர் முறையிடும்போது, உண்மையில் பழுது வயிற்றில் இருக்கலாம். பருப்பு, முட்டை, இறைச்சி போன்ற புரத உணவும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். மறுபுறம், இம்மருந்தே குமட்டலையும் தரவல்லது.

இதனினும் கவனிக்க வேண்டியது வயிற்றுக்குத் தரப்படும் மருந்தாகும். மெட்டோகுளோபிரமைடு, லெவோசல்பிரைடு ஆகியவை மூளையிலும் டோபமைன் ஏற்பிகளைத் தடுக்கின்றன. இந்தியாவில் லெவோசல்பிரைடு, அமிலம் குறைக்கும் மருந்துடன் ஒரே மாத்திரையாகவும் விற்கப்படுகிறது. நடுக்குவாதம் இல்லாதவருக்கே இது நடுக்கத்தை உண்டாக்கலாம். நிறுத்தியபின் பெரும்பாலும் சில வாரங்களில் அல்லது மாதங்களில் நீங்கும். நோய் உள்ளவருக்கோ, நோய் முற்றிவிட்டது போலத் தோன்றும். லெவோடோபாவின் அளவு கூட்டப்பட, வயிற்று மாத்திரையும் தொடரும். டோம்பெரிடோன் மூளைக்குள் மிகக் குறைவாகவே செல்வதால் இவற்றுக்கு மாற்றாகத் தரப்படுகிறது. ஆயினும் இதயத்துடிப்பின் ஒழுங்கைப் பாதிக்கக்கூடும் என்பதால் முதியோருக்கு எச்சரிக்கை தேவை.

திண்டுக்கல் மாவட்டத்தின் நத்தம் போன்ற ஊர்களில், ஒருவர் நெஞ்செரிச்சலுக்கு உள்ளூரிலும் நடுக்கத்திற்கு மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனையிலும் மருந்து பெற நேரிடலாம். அப்போது இரு சீட்டுகளையும் இரு மருத்துவர்களிடமும் காட்டுதல் இன்றியமையாதது. லெவோடோபாவைத் தாமாகவே திடீரென நிறுத்துவது ஆபத்தானது.

கருநிற மலம், காரணமற்ற எடை இழப்பு, இரத்த வாந்தி, உணவு தொண்டையில் அடைத்தல் ஆகியவற்றை நடுக்குவாதத்தின் கணக்கில் எழுதிவிடலாகாது; இவற்றுக்கு உடனடியாகத் தனிப் பரிசோதனை செய்ய வேண்டும்.