தண்டவாளமும் ஏரியும்: செங்கல்பட்டுப் பக்கம் வீடு தேடியபோது எழுதிய குறிப்புகள்

போன வருஷம் சித்திரை மாசம் மதுரையிலிருந்து சித்தி மகன் போன் பண்ணினான். கிண்டியில் வேலை கிடைத்துவிட்டது. மனைவி, நாலு வயசு மகள் என்று குடும்பத்தோடு கிளம்பி வரவேண்டும். "அண்ணே, கிண்டிப் பக்கம் வாடகை கேட்டாலே தலை சுத்துது. ஜூன்ல பாப்பாவ ஸ்கூல்ல சேக்கணும். நீங்கதான் பழைய மேப்பெல்லாம் வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, எந்த ஊர்ல பாக்கலாம்னு சொல்லுங்க" என்றான். கையில் ஒரு பட்டியல் வைத்திருந்தான்: முடிச்சூர், கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், செங்கல்பட்டு. கடைசியாக, அவன் மனைவியின் ஆசைக்காக, மாமல்லபுரம்.

இன்றைய வாடகை நிலவரத்தில் நான் நிபுணன் இல்லை. ஆனால் அவன் கேட்ட கேள்வி புதுசு இல்லை. சென்னைக்கு வேலைக்கு வந்த குடும்பங்கள் நூறு வருஷமாக இதையேதான் கேட்டிருக்கின்றன: நகரத்துக்குள் கட்டுப்படியாகவில்லை, எவ்வளவு தூரம் தள்ளிப் போகலாம்? அதற்கு இந்த நிலம் சொன்ன பதில் எப்போதும் இரண்டு விஷயத்தைப் பொறுத்தே இருந்திருக்கிறது. ஒன்று ரயில். இன்னொன்று தண்ணீர்.

மாம்பலத்தில் தொடங்கிய கதை

இன்றைக்கு தி. நகரில் வீடு வாங்குவது பெரும் பணக்காரர்களுக்கே சாத்தியம். ஆனால் 1920களில் அதுதான் 'தள்ளி இருக்கிற' புறநகர். 1920ல் மதராஸ் நகரத் திட்டச் சட்டம் வந்தது. 1923 வாக்கில் மாம்பலம் குடியிருப்புத் திட்டம் தொடங்கியது. மனை போட்ட இடத்தில் அதுவரை இருந்தது ஒரு பெரிய ஏரி. நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே நீண்டு கிடந்ததால் வெள்ளைக்காரர்கள் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். நீரை வடித்து, நிலத்தை மேடாக்கி, தெரு போட்டு, தியாகராய நகர் என்று பெயர் வைத்தார்கள். ஏரி போய்விட்டது, ஆனால் தடயம் போகவில்லை. மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு இருக்கிறது, நுங்கம்பாக்கத்தில் டேங்க் பண்ட் ரோடு இருக்கிறது. 1970களில் வள்ளுவர் கோட்டம் எழும்பியதும் இதே ஏரிப் படுகையில்தான்.

மலிவான நிலம், பக்கத்தில் ரயில் நிலையம், கீழே ஒரு பழைய ஏரி. இந்தச் சூத்திரம் மாம்பலத்தோடு நின்றிருந்தால் நான் இதை எழுத வேண்டியிருக்காது. அது அப்படியே தெற்கே நகர்ந்தது.

1931: தூரம் நேரமாக மாறியது

பம்பாயில் 1925ல் மின்சார ரயில் ஓடியது. ஆறு வருஷம் கழித்து, 1931 மே மாதம், மதராஸ் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை சவுத் இந்தியன் ரயில்வே மீட்டர் கேஜ் மின்சார ரயிலை விட்டது. சுமார் 29 கிலோமீட்டர். அதுவரை தாம்பரம் என்பது எத்தனை மைல் என்று அளக்கப்பட்ட ஊர். அதற்குப் பிறகு எத்தனை நிமிஷம் என்று அளக்கப்பட்டது. அலுவலக குமாஸ்தா ஒருவர் மாம்பலத்தையோ சைதாப்பேட்டையையோ தாண்டிக் குடியேறலாமா என்று யோசிக்கவே இந்த ரயில்தான் தைரியம் கொடுத்தது. 1937ல் மதராஸ் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனை விட்டு, செலையூர்க் காட்டில் 375 ஏக்கருக்கு இடம் மாறியது. ஒரு பெரிய கல்லூரியே நகரத்தை விட்டுப் போகலாம் என்று முடிவெடுத்ததற்கு வாசலில் மின்சார ரயில் நின்றதும் ஒரு காரணம்.

தாம்பரத்துக்கு அந்தப் பக்கம் கதை வேறு. பாதை 1870களிலேயே போட்டாகிவிட்டது. 1960களில் மின்மயமும் ஆனது. ஆனால் செங்கல்பட்டு வரைக்குமான அந்த 30 கிலோமீட்டருக்குத் தாம்பரம் அளவுக்கு வண்டிகள் கிடைக்கவில்லை. கடற்கரை-தாம்பரம் பாதையில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004ல்தான் நின்றது. தாம்பரம்-செங்கல்பட்டு மூன்றாவது பாதை 2022 மே மாதம் திறக்கப்பட்டது. அதுவரை வெளியூர் விரைவு வண்டிகளுக்கு வழிவிட்டு உள்ளூர் வண்டி காத்துக் கிடப்பது தினசரிக் காட்சி. இன்றும் தாம்பரத்தோடு நிற்கும் வண்டிகளே அதிகம். ஆகவே தாம்பரம் தாண்டிக் குடியேறுகிறவர் பார்க்க வேண்டியது கிலோமீட்டரை அல்ல, ராத்திரி வேலை முடிந்து வரும்போது அடுத்த செங்கல்பட்டு வண்டி எத்தனை மணிக்கு என்பதைத்தான்.

தம்பியிடம் இதைச் சொன்னதும், "அது கால அட்டவணையிலயே இருக்கேண்ணே" என்றான். இருக்குதுடா. ஆனா வீடு பாக்கப் போறவன் எவன் அதை முதல்ல பாக்குறான்?

திட்டம் போட்டுக் கட்டிய ஊர்

பட்டியலில் மறைமலைநகர் மட்டும் தானாக வளர்ந்த ஊர் இல்லை. மறைமலை அடிகள் பெயரில், 1980 வாக்கில், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் துணை நகரமாகத் திட்டமிட்டது. நகரத்தின் நெரிசலை இங்கே இறக்கிவைப்பது நோக்கம். வேடிக்கை என்னவென்றால், அப்போதைய பெருநகர எல்லை ஜி.எஸ்.டி. சாலையில் வண்டலூரோடு முடிந்துவிடும். குழுமம் தன் எல்லைக்கு வெளியே போய் ஊர் கட்டியது. அகலமான தெரு, பிரித்த மனை, தொழிற்பேட்டை எல்லாம் வந்தது. குடும்பங்கள் மட்டும் மெதுவாகத்தான் வந்தன. வேலை இங்கே, பிள்ளையின் பள்ளிக்கூடம் அங்கே, மாமியார் வீடு இன்னொரு பக்கம் என்றால் யார் வருவார்கள்? 1990களில் ஃபோர்டு கார் தொழிற்சாலை வந்த பிறகுதான் ஊருக்கு வெளிச்சம் வந்தது. 2021 செப்டம்பரில் அந்த நிறுவனம் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தபோது, சுற்றுவட்டார வீட்டுக்காரர்களும் கடைக்காரர்களும் தூக்கம் இழந்தார்கள். ஒரே முதலாளியை நம்பி வளர்கிற ஊரில் வாடகையும் அவரோடுதான் ஏறும், இறங்கும்.

கடற்கரை ஆசை

இதற்கு நேர் எதிரான உதாரணம் மாமல்லபுரத்துக்குத் தெற்கே இருக்கிற கல்பாக்கம். அணுசக்தித் துறை அங்கே ஊழியர்களுக்கு வீடு, பள்ளி, மருத்துவமனை, பேருந்து எல்லாவற்றையும் தானே கொடுத்தது. பிறகு அணுபுரம் என்று இரண்டாவது குடியிருப்பும் வந்தது. சின்னப் பிள்ளை வைத்திருக்கிற குடும்பம் கடற்கரையில் நிம்மதியாக வாழ என்னவெல்லாம் தேவை என்பதற்குக் கல்பாக்கமே பட்டியல். அங்கேயும் 2004 டிசம்பரில் சுனாமி உள்ளே புகுந்தது என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

மாமல்லபுரத்துக்கு அப்படிப்பட்ட முதலாளி கிடையாது, ரயிலும் கிடையாது. ஒரு காலத்தில் மதராஸிலிருந்து கால்வாயில் படகேறித்தான் அங்கே போவார்கள், பெரும்பாலும் ராத்திரிப் பயணம். 1877-78 பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஜனங்கள் கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து வெட்டிய பகுதியும் சேர்ந்து, அது பக்கிங்காம் கால்வாய் என்று பெயர் பெற்றது. பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலை வந்தது. கடலூர் வரை ரயில் பாதை என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது, பாதை இன்னும் இல்லை. போதாததற்கு, 2010ல் திருத்திய தொல்லியல் சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டருக்குள் புதுக் கட்டடம் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டரில் அனுமதி வாங்க வேண்டும். ஊர் முழுக்கச் சின்னங்கள் இருக்கிற இடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. தம்பி மனைவியிடம் சொன்னேன்: "சனி ஞாயிறு போய்ட்டு வாங்கம்மா. செங்கல்பட்டுலேருந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ்ல போயிடலாம். தினமும் கிண்டிக்குப் போய் வர அது ஊர் இல்ல."

ஏரி மாவட்டம்

இப்போது தண்ணீர். செங்கல்பட்டு என்ற பெயரே செங்கழுநீர்ப்பட்டு என்பதிலிருந்து வந்தது என்பார்கள். செங்கழுநீர் தண்ணீரில் பூக்கும் பூ. ரயில் ஊருக்குள் நுழையும்போதே கொளவாய் ஏரி பக்கத்தில் வந்துவிடும். 1763ல் ஆற்காடு நவாப் இந்தப் பகுதியைக் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார். 1767 முதல் 1774 வரை பார்னார்டு என்பவர் ஏறத்தாழ 2000 ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். இது ஏரிகளால் உயிர் வாழ்ந்த நாடு. ஒரு ஏரி நிறைந்தால் உபரி நீர் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்ததுக்கு. 1790களில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸ் மதுராந்தகம் ஏரிக்கரையைக் காக்கப் பட்ட பாடு இன்றும் ஏரிகாத்த ராமர் கோயில் கதையாக நிற்கிறது. கலெக்டர்களின் பெரிய கவலையே ஏரிக்கரைதான்.

நாம் என்ன செய்தோம்? வயலுக்குத் தண்ணீர் தேவையில்லை என்றானதும் கால்வாயை மறந்துவிட்டோம். பெருநகர எல்லைக்கு வெளியே 'பஞ்சாயத்து அப்ரூவல்' என்ற பேரில் எத்தனையோ மனைப்பிரிவுகள் முளைத்தன. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்ட பிறகுதான் பலருக்குத் தங்கள் மனையின் நிலையே தெரிந்தது. 2017ல் வரன்முறை விதிகள் வந்தன, 2016 அக்டோபர் 20க்கு முந்தைய மனைகளுக்கு. காகிதம் சரியாகலாம். தண்ணீருக்குக் காகிதம் படிக்கத் தெரியாது.

2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு ஆட்களை மீட்டார்கள். அடையாறு புதிதாக எங்கும் வந்துவிடவில்லை, தன் பழைய வழியில்தான் வந்தது. பிற்பாடு ஆற்றை அகலப்படுத்தினார்கள், உபரி நீருக்குக் கால்வாய்கள் கட்டினார்கள். இருந்தாலும் வானம் கறுத்தால் அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றும் காரை மேட்டில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

ஒன்றை மறக்கக் கூடாது. நாம் 'ஊர் தேர்ந்தெடுக்கிறோம்' என்று பேசுவதே ஒரு வசதிதான். கூவம் கரையிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத் தெற்கே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளில் குடியேற்றப்பட்ட குடும்பங்களை எந்த ஊர் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. வேலையும் பள்ளிக்கூடமும் பழைய இடத்தில், வீடு மட்டும் இருபது கிலோமீட்டர் தள்ளி. நாம் பணத்துக்காகச் செய்வதை அவர்கள் உத்தரவுக்காகச் செய்தார்கள்.

தம்பிக்குச் சொன்னது

கடைசியில் நான் சொன்னது இவ்வளவுதான். ஸ்டேஷனுக்கு நடந்து போகிற தூரத்தில் பார். ஷேர் ஆட்டோவில் ஏறித்தான் ஸ்டேஷனுக்குப் போகணும்னா, மிச்சம் பிடிச்ச வாடகை அதுலயே போயிடும், நேரமும் போயிடும். அந்த நேரம் உன்னுடையது இல்லை, பாப்பாவுடையது. தெருப் பெயரில் ஏரி, தாங்கல், மதகு, கலங்கல் என்று வந்தால் நின்று விசாரி. தாங்கல் என்றால் சின்ன ஏரி. புரோக்கரிடம் கேட்காதே, தெருமுனை டீக்கடையில் வயசான ஆளிடம், "2015ல இங்க எதுவரைக்கும் தண்ணி நின்னுச்சு?" என்று கேள். அவர் கையை வைத்துக் காட்டுவார். வாங்குவதாக இருந்தால் கிராம வரைபடத்தில் சர்வே எண்ணைப் பார். எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு ஐப்பசி கார்த்திகையை வாடகை வீட்டில் கழிக்காமல் மனைக்கு அட்வான்ஸ் கொடுக்காதே.

கூடுவாஞ்சேரியில் ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிஷ நடையில் மாடி வீடு ஒன்று அமைந்தது. செங்கல்பட்டில் அதே வாடகைக்கு இன்னும் ஒரு அறை கிடைத்திருக்கும். ஆனால் தினமும் கூடுதல் பயண நேரம். அறையை விட அந்த நேரம் பெரிசு என்று தம்பி மனைவிதான் முடிவு செய்தாள்.

ஜூலையில் ஒரு புரோக்கர் அவர்களை விடாமல் துரத்தினார். பக்கத்திலேயே மனை, நல்ல விலை, இரண்டு வாரத்தில் ஏறிவிடும் என்று. தம்பிக்குக் கை அரித்தது. நான் திட்டியதால் பொறுத்துக்கொண்டான். கார்த்திகையில் மூன்று நாள் விடாமல் பெய்த பிறகு போன் வந்தது.

"அண்ணே, வீட்டுக்குக் கீழ கணுக்கால் தண்ணி, சாயங்காலமே வடிஞ்சிருச்சு. பாப்பாவக் கூட்டிக்கிட்டு அந்த மனையப் பாத்துட்டு வந்தேன்."

"எப்படி இருக்கு?"

"கல்லு நட்டதே தெரியலண்ணே. நடுவுல நாலு கொக்கு நிக்குது. பாப்பா எண்ணிட்டு வந்தா."